தொழிற்கூடத் தளத்திலிருந்து சொகுசு வாடகை வீட்டிற்கு: நியூயார்க் சோஹோ பகுதியின் குடியிருப்பு வரலாறு (1961–2021)

முன்னுரை

தமிழ்நாட்டு வீடுகளில் 'லாஃப்ட்' என்பது பரணைக் குறிக்கும். நியூயார்க்கில் அச்சொல், பழைய தொழிற்கூடக் கட்டடத்தின் தடுப்பில்லாத முழுத் தளத்தைக் குறிக்கும். மன்ஹாட்டனில் ஹூஸ்டன் தெருவுக்குத் தெற்கே அமைந்த சோஹோவில், உயர்ந்த கூரையும் அகன்ற சாளரமும் இரும்புத் தூணும் இன்று சொகுசு வாடகை வீட்டின் அடையாளங்கள் ஆகிவிட்டன. உழைப்புக்கென எழுந்த இத்தளங்கள் செல்வர் இல்லங்களாக மாறியதில் சட்டம் வகித்த பங்கினை இக்கட்டுரை ஆராய்கிறது.

கட்டடங்களின் தோற்றம்

சோஹோவின் வார்ப்பிரும்பு முகப்புக் கட்டடங்களுள் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வணிகத்திற்காகவும் உற்பத்திக்காகவும் கட்டப்பட்டவை. முகப்பின் உறுப்புகள் வார்ப்பாலையில் செய்யப்பட்டுக் கட்டுமிடத்தில் பொருத்தப்பட்டன. தூண்கள் மெல்லியனவாக இருந்தமையால் சாளரங்களை அகலமாக அமைக்க இயன்றது; மின்விளக்கு வராத காலத்தில் பகலொளியே உழைப்பவர்க்கு விளக்காயிற்று. 1857இல் எழுந்த ஹாவட் கட்டடத்தில் எலிஷா ஓட்டிஸின் நீராவிப் பயணியர் தூக்கி நிறுவப்பட்டது.

கலைஞர் குடியேற்றம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உற்பத்தி நிறுவனங்கள் வெளியேறத் தொடங்கின. 1962இல் வெளிவந்த சிட்டி கிளப் அறிக்கை இப்பகுதியைப் பாழ்நிலமாகக் கருதியது. ஆனால் 1963இல் செஸ்டர் ராப்கின் மேற்கொண்ட ஆய்வு இதற்கு மாறானது: இங்குள்ள தொழிற்கூடங்கள் குறைந்த வருவாயுடைய கறுப்பின, போர்ட்டோ ரிக்கோத் தொழிலாளர்க்கு வேலை அளித்து வந்தன என அது நிறுவியது. இப்பகுதியை ஊடறுத்துச் செல்லவிருந்த விரைவுச்சாலைத் திட்டம் 1969இல் கைவிடப்பட்டது.

இதனிடையே குறைந்த வாடகைக்காக ஓவியரும் சிற்பிகளும் காலித் தளங்களில் குடியேறினர். தொழில் மண்டலத்தில் குடியிருத்தல் சட்டவிரோதம். 1961இல் வெளியேற்ற நடவடிக்கைகளை எதிர்த்துக் கலைஞர்கள் போராடினர். கட்டடத்தில் கலைஞர் வாழ்வதைத் தீயணைப்பு வீரர்க்கு அறிவிக்கும் பலகையை வாயிலில் வைத்தால் அங்கு வசிக்கலாம் என்னும் இணக்கம் அதன் பயனாகப் பிறந்தது. 1971ஆம் ஆண்டு மண்டல விதி, மாநகரின் சான்று பெற்ற கலைஞர் மட்டும் வாழ்ந்து தொழில்செய்ய இசைவளித்தது.

மதிப்பு மாற்றம்

1973இல் சோஹோ வரலாற்று மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. இதனால் முகப்புகள் இடிபடாமல் காக்கப்பட்டன. அதே வேளையில் அருமை கூடி அவற்றின் விலையும் உயர்ந்தது. சான்றில்லாச் செல்வரும் குடியேறினர். கலைஞர்க்குரிய விதி நடைமுறையில் தளர்ந்தது. 1982ஆம் ஆண்டு மாநிலச் சட்டம், முறையற்ற குடியிருப்புகளைப் பாதுகாப்புத் தரத்திற்கு உயர்த்துமாறு உரிமையாளரைப் பணித்ததுடன் வாடகையாளர்க்குப் பாதுகாப்பும் வழங்கியது. கலைஞரின் வாழ்க்கைமுறை நிலமுதலீட்டிற்கு வழிவகுத்ததை ஷாரன் சூகின் அதே ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். 2021 டிசம்பரில் ஏற்கப்பட்ட மண்டல மாற்றம் கலைஞரல்லாதாரும் குடியிருக்கச் சட்டவழி திறந்தது.

முடிவுரை

கட்டடத்தை வரலாற்று மாவட்டச் சட்டம் காத்தது; குடியிருந்தோரை வாடகைச் சட்டம் ஓரளவு காத்தது. ராப்கின் ஆய்வு சுட்டிய தொழிலாளர்க்கோ இவ்விரண்டிலும் இடமில்லை. அவர்கள் வேலைசெய்வதற்காக அமைந்த அகன்ற சாளரமே இன்று வாடகையை உயர்த்தும் சிறப்பாக எண்ணப்படுகிறது. எனவே நகர மரபுப் பாதுகாப்பை மதிப்பிடுகையில், எஞ்சிய கட்டடங்களோடு அங்கிருந்து அகன்ற மாந்தரையும் கணக்கிற் கொள்ளுதல் இன்றியமையாதது.