பெய்ரூத்தின் இரவுகள்: ஸைத்தூனாவும் கரன்தீனாவும்

லெபனானில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த எங்கள் ஊர்த் தாய் ஒருவரிடம், "இரவில பெய்ரூத் எப்படி இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டேன். "மாடியில உடுப்புக் காயப்போடக்குள்ள தூரத்துல லைட்டு தெரியும் சேர். அவ்வளவுதான்" என்றார். 'மத்திய கிழக்கின் பாரிஸ்' என்று புகழப்பட்ட அந்தக் கடற்கரை நகரின் வரலாற்றை, வெளிச்சத்துக்குத் தூரத்தில் நின்றவர்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்று அப்போதுதான் பட்டது.

துறைமுகத்துக்கு மேற்கே, கடலோரத்தில் ஸைத்தூனா என்றொரு பகுதி. பெயரில் இருப்பது ஸைத்தூன் மரம். பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில், 1930களில், அதனருகே செயின்ட் ஜோர்ஜ் ஹோட்டல் எழுந்தது. சுதந்திரத்துக்குப் பின், 1956இன் வங்கி இரகசியச் சட்டம் அரபு நாடுகளின் எண்ணெய்ப் பணத்தை இழுத்து வந்தது. பணத்தின் பின்னால் களியாட்டமும் வந்தது. 1959இல் வடக்கே ஜூனியா குடாவோரம் 'கஸினோ து லிபான்' என்ற சூதாட்ட மாளிகையும், 1961இல் பினீசியா ஹோட்டலும் திறக்கப்பட்டன. ஸைத்தூனா நடன விடுதிகளுக்குப் பேர்போன இடமாயிற்று.

அதே துறைமுகத்துக்குக் கிழக்கே கரன்தீனா. 19ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்தோரை நோய்க்குப் பயந்து தடுத்து வைத்த இடம் அது. பெயரே அதைச் சொல்லும். பிற்காலத்தில் அங்கே ஒதுங்கியவர்கள் ஆர்மேனிய அகதிகள், 1948இல் மண்ணை இழந்த பலஸ்தீனர், குர்துகள், தென் லெபனானின் ஏழை ஷீயாக்கள். தகரக் கொட்டில்களில்தான் வாழ்க்கை.

1975இல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. ஒக்டோபரில் ஹோட்டல்களே போர்க்களமாயின. முந்திய ஆண்டு திறந்த ஹொலிடே இன் மாடிகளில் துப்பாக்கிக்காரர் ஏறினர். 1976 ஜனவரியில் கிறிஸ்தவ ஆயுதக் குழுக்கள் கரன்தீனாவைக் கைப்பற்றின. நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர், கொட்டில்கள் தரைமட்டமாயின. இரண்டொரு நாளில் தாமூரில் கிறிஸ்தவ மக்கள் பழிவாங்கப்பட்டதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

1991இன் பொதுமன்னிப்புச் சட்டம் யுத்தக் குற்றங்களில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டது. மூடிக்கிடந்த கஸினோ 1996இல் மீண்டும் திறந்தது. கரன்தீனாவின் கொட்டில்சனம் திரும்பவில்லை. 1998இல் அந்த மண்ணிலேயே 'பி 018' என்ற இரவு விடுதி வந்தது. கட்டடக் கலைஞர் பேர்னார்ட் கூரி அதை நிலத்துக்குள் புதைத்தே கட்டினார். மேலே நின்று பார்த்தால் வட்டமான ஒரு தளம்தான் தெரியும். கப்றின் மேல் ஆட்டமா என்று நமக்குக் கோபம் வரும். ஆனால், அரசு மறக்கச் சொன்ன ஓர் இடத்தை அந்தக் குழி ஞாபகப்படுத்தவும் செய்தது.

2020 ஒகஸ்ட் 4ஆம் திகதி, துறைமுகத்தில் வருடக்கணக்காகக் கவனிப்பாரற்றுக் கிடந்த 2750 தொன் அமோனியம் நைத்திரேற்று வெடித்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஜும்மைஸா, மார் மிக்காயில் ஆகிய இரவு விடுதித் தெருக்களும், பக்கத்துக் கரன்தீனாவும் ஒன்றாய்ச் சிதைந்தன.

வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் கேட்பாங்க: "சேர், பாவத்தாலயா அழிஞ்சது?" கஸினோ வாசலை மிதிக்காத கரன்தீனா ஏழைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். அழிவுக்குக் காரணம் சொல்லுமுன், அழிந்தவர் யார் என்று பார்க்கப் பழக வேண்டும். லெபனான் சென்று மீண்ட நம் பெண்களின் வாய்மொழியும் அந்த நகரின் வரலாறுதான். அவர்கள் இருக்கும்போதே அது பதிவாக வேண்டும்.