ஞானோபதேசம்

தமிழ்க் கத்தோலிக்கர் தங்கள் பிள்ளைகளுக்கு மறையைச் சொல்லிக்கொடுக்கும் பாடத்துக்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கிய பெயர் ஞானோபதேசம். ஞான என்பதன் ஈற்று அகரமும் உபதேசம் என்பதன் முதல் உகரமும் கூடி ஓகாரமாகும் வடமொழிப் புணர்ச்சி இது. சந்திரோதயம் என்பதில் உள்ளதும் அதுவே. இன்று அச்சில் இதன் இடத்தை 'மறைக்கல்வி' பிடித்துவிட்டது. பேரப்பிள்ளைகள் ஞாயிறு பூசைக்குப் பிறகு வகுப்பில் உட்கார்வதை ஞானோபதேசம் படிப்பதாகச் சொல்லும் முதியவர்கள் பழைய கிறிஸ்தவ ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள்.

உபதேசம் கிறிஸ்தவர் கொண்டுவந்த சொல் அன்று. புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்கிழக்கில் உள்ள ஆவுடையார்கோயில்தான் பழைய திருப்பெருந்துறை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர், அங்கே குருந்த மரத்தடியில் குருவாக வந்து அமர்ந்திருந்த சிவனிடம் உபதேசம் பெற்றார் என்பது சைவ மரபு. அந்த மரபில் உபதேசம் என்பது பக்குவம் கண்டு, ஒருவருக்கு மட்டும், காதோடு காதாகச் சொல்லப்படுவது. அதே சொல் மாவட்டத்தின் வடமேற்கில், விராலிமலைக்கு அருகிலுள்ள ஆவூரில், பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து உரக்க ஒப்பிக்கும் பாடத்துக்குப் பெயராயிற்று. கிரேக்கச் சொல்லோடு ஒப்பிட்டால் இந்த இரண்டாம் பொருள் அவ்வளவு விலகியதாகத் தோன்றாது. 'கத்தேகிசம்' என்ற மேலைச் சொல்லின் வேர் கிரேக்க மொழியில் ஒலி, எதிரொலி என்னும் பொருளுடையது. ஆசிரியர் சொல்ல மாணவர் திருப்பிச் சொல்வதுதான் அதன் முதல் பொருள்.

பாடம் பெயருக்கு முந்தியது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழ் தெரிந்தவர்களை வைத்துச் செபங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ச் சிறுவர்களைக் கூட்டினார். அவர் கற்பித்ததைச் சிறுவர்கள் வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் அடுத்த ஊருக்குப் போன பிறகு பாடத்தைத் தொடர ஊருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளுக்கு அவர் கடிதங்களில் வரும் பெயர் கணக்கப்பிள்ளை. ஊர்க் கணக்கு எழுதியவரின் பட்டப்பெயரே செபம் சொல்லிக்கொடுப்பவருக்கும் ஆகியிருக்கிறது. முத்துக்குளித்துறை வருவாயிலிருந்து போர்ச்சுக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்ட பணத்தைக் கேட்டுவாங்கி இவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார் சவேரியார். மறை கற்பித்த இவர்களுக்குக் கிடைத்த கூலி அரசியின் செருப்புக் காசு.

அந்தக் காலத்துப் புத்தகங்களில் ஞானோபதேசம் என்ற தலைப்பைக் காண முடியாது. 1554இல் லிஸ்பனில் தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்டு வந்த மறைநூலுக்குப் பெயர் போர்ச்சுக்கீசிய மொழியிலேயே 'கார்த்தில்யா', அதாவது அரிச்சுவடி. அண்டிரிக்கி அடிகளார் 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சிட்ட பதினாறு பக்கச் சிறுநூல் 'தம்பிரான் வணக்கம்'. மறு ஆண்டு கொச்சியில் வந்த பெரிய நூல் 'கிரீசித்தியானி வணக்கம்'. தமிழில் முதலில் அச்சேறியவை பிள்ளைகளுக்கும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குமான இந்தப் பாடநூல்களே. இலக்கியமும் இலக்கணமும் அச்சுக்கு வரப் பிந்தின. இந்நூல்களின் நடை கடற்கரைப் பேச்சுக்கு நெருக்கமானது. சமயக் கலைச்சொற்களில் பல போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து அப்படியே இறங்கியவை. 'இஸ்பிரீத்து சாந்து' என்பது பரிசுத்த ஆவி. பூசைக்கான 'மிஸ்ஸா' தமிழ் நாவில் மீசையாகிவிடக்கூடியது.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி இந்தச் சொற்களை ஏற்கவில்லை. உள்நாட்டில் கற்றவர்களிடம் பேச இவை உதவா என்று கண்டு, வடமொழியும் தமிழும் கலந்த ஒரு சமய நடையை உருவாக்கினார். கோவில், குரு, பூசை, பிரசாதம், வேதம் எல்லாம் கிறிஸ்தவப் பொருளில் வேரூன்றியது இந்த நடையால்தான். அவருடைய பெரிய மறைநூலின் பெயர் 'ஞானோபதேச காண்டம்'. இங்கே 'ஞானம்' அறிவைக் குறிக்கவில்லை. ஆன்மாவைச் சார்ந்தது என்ற அடைமொழியாக நிற்கிறது. ஞானஸ்நானம், ஞானத்தகப்பன், ஞானத்தாய், ஞான ஒடுக்கம் என்று ஒரு குடும்பமே இந்த அடைமொழியிலிருந்து பிறந்தது. பிற்காலத்தில் தரங்கம்பாடி லுத்தரன் சபையாரும் கத்தோலிக்கரோடு கொள்கையில் மோதிக்கொண்டே இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். லுத்தரின் வினாவிடை நூலுக்கும் தமிழில் ஞானோபதேசம் என்றே பெயர்.

புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையில் இந்த நடையும் பாடமும் நிலைகொண்ட இடம் ஆவூர். பெரிய சஞ்சீவிநாதர் என்று தமிழர் அழைத்த பிரெஞ்சு சேசுசபைத் துறவி புஷே அங்கே முதல் கோவிலைக் கட்டினார். அதற்கு 1547 என்று சில இடங்களில் ஆண்டு அச்சாகிவருகிறது. ஆனால் புஷே பிறந்ததே 1655இல். அவர் தமிழ்நாட்டுக்கு வந்தது 17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். பெரியநாயகி மாதாவின் இன்றைய கோவில் 1747இல் எழுந்தது. வீரமாமுனிவரும் ஆவூரில் பணியாற்றியவர்.

வீரமாமுனிவரின் பெயரைச் சொன்னவுடன் தேம்பாவணியும் சதுரகராதியும் நினைவுக்கு வரும். இந்தச் சொல்லின் வரலாற்றுக்கு அவற்றைவிடத் தேவையானது 1720களில் அவர் எழுதிய 'வேதியர் ஒழுக்கம்' என்ற உரைநடை நூல். தலைப்பில் உள்ள வேதியர் பிராமணர் அல்லர். கிறிஸ்தவ சமயத்தை 'சத்திய வேதம்' என்றும், கிறிஸ்தவரை 'வேதக்காரர்' என்றும், அவர்கள் கோவிலை 'வேதக்கோவில்' என்றும் வழங்கிய காலம் அது. அந்த வேதத்தைக் கற்பிப்பவர் வேதியர். சவேரியாரின் கணக்கப்பிள்ளையே உள்நாட்டில் வேதியராகவும் உபதேசியாராகவும் பெயர் மாறினார். ஒரு குருவுக்கு நூற்றுக்கணக்கான ஊர்கள். ஓர் ஊருக்கு அவர் ஆண்டில் ஓரிரு முறை வந்தால் பெரிது. மற்ற நாளெல்லாம் ஞாயிறு செபம் நடத்துவது, சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, வழக்குத் தீர்ப்பது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்வது எல்லாம் வேதியர் வேலை. அப்படிப்பட்டவர் எப்படி வாழ வேண்டும், எப்படிக் கற்பிக்க வேண்டும் என்பதே அந்த நூலின் பொருள். ஞானோபதேசத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்கள் குருக்களைவிட இந்த உபதேசியார்களே. தமிழ்க் கிறிஸ்தவ வரலாறுகளில் அவர்களுக்குக் கிடைத்த பக்கங்கள் மிகக் குறைவு.

பாடம் நடந்த விதம் எளிது. மாலை விளக்கு வைத்தபின் கோவில் தரையில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்வார்கள். முதலில் மந்திரங்கள். செபத்துக்கு அன்றைய பெயர் மந்திரம்தான்: பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம், விசுவாச மந்திரம், உத்தம மனஸ்தாப மந்திரம். அடுத்து வினாவிடை. உபதேசியார் வினாவைச் சொல்ல, பிள்ளைகள் ஒரே இழுப்பில் விடையைப் பாடுவார்கள். இதற்கான சிறுநூல் 'சின்னக் குறிப்பிடம்'. குறிப்பிடம் என்றால் சுருக்கமாகத் தொகுத்தது. அந்தப் புத்தகம் கையில் இல்லாத வீட்டிலும் அதன் விடைகள் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது மனப்பாடம்.

அதில் பிள்ளைகளின் பல்லை உடைத்த சொல் 'தேவதிரவிய அனுமானம்'. ஏழு அருளடையாளங்களுக்கு அன்றைய பெயர் அது: ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை, பச்சாத்தாபம், அவஸ்தைபூசுதல், குருப்பட்டம், மெய்விவாகம். தொடரைப் பிரித்தால் அதன் கட்டுமானம் தெரியும். அனுமானம் தருக்க நூலாரின் சொல். புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று துணிவது அனுமானம். தண்ணீர், எண்ணெய், அப்பம் என்ற காணும் பொருளைக் கொண்டு காணாத தேவ திரவியத்தை, அதாவது கடவுளின் அருட்செல்வத்தை உய்த்துணர்வது தேவதிரவிய அனுமானம். லத்தீன் இறையியல் சொல்வதும் இதையே. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு இது 'திருவருட்சாதனம்' ஆயிற்று; அச்சொல் அடையாளத்தை விட்டுவிட்டுக் கருவியை மட்டும் பிடித்தது. இன்று வழங்கும் 'அருளடையாளம்' நாவுக்கு எளிது, பொருளிலும் பழைய சொல்லுக்குத் திரும்பியது: தேவதிரவியத்துக்கு அருள், அனுமானத்துக்கு அடையாளம். கலைச்சொல் மாற்றங்களில் மிக நன்றாக அமைந்தது இதுவே.

பிள்ளைகளைப் பொறுத்தவரை ஞானோபதேசம் முழுவதும் ஒரு நாளை நோக்கிப் போனது. அது முதன்முறையாக நற்கருணை வாங்கும் நாள். 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், பகுத்தறியும் வயது வந்த எல்லாரும் ஆண்டுக்கொரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்யவும் பாஸ்கா காலத்தில் நற்கருணை வாங்கவும் விதித்தது. அந்த வயது எது என்பதில் பல நூற்றாண்டுகள் இழுபறி நடந்தது. பன்னிரண்டு, பதினான்கு வரைகூடக் காக்கவைத்தார்கள். திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1905இல் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு மறை கற்பிக்கப் பங்குக் குருக்களைப் பணித்தார். 1910இல் பகுத்தறியும் வயது ஏறத்தாழ ஏழு என்று முடிவு கட்டினார். தமிழ்நாட்டுப் பங்குகளில் இப்போது பெரும்பாலும் எட்டு முதல் பத்து வயதுக்குள் பிள்ளைகள் ஆயத்தமாகிறார்கள்.

ஆயத்தம் என்பதில் முதல் படி பாவசங்கீர்த்தனம். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை ஐந்து. பிள்ளைகள் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள்: பாவத்தை ஆராய்தல், மனஸ்தாபப்படுதல், இனிச் செய்வதில்லை என்று உறுதிகொள்ளுதல், குருவிடம் வெளிப்படுத்துதல், அவர் தரும் அபராதத்தைத் தீர்த்தல். அடுத்து, மந்திரிக்காத அப்பத்தை வைத்து வாங்கிப் பழகுவது. நாக்கை எவ்வளவு நீட்ட வேண்டும், பல்லில் படாமல் எப்படி விழுங்க வேண்டும் என்பதெல்லாம் பாடம். நள்ளிரவு முதல் பச்சைத் தண்ணீரும் பல்லில் படக்கூடாது என்ற பழைய ஒருசந்தி விதி 1953 முதல் தளர்ந்து, 1957இல் மூன்று மணி நேரமாகவும் 1964இல் ஒரு மணி நேரமாகவும் குறைந்தது. பிள்ளைகளுக்கு இது பெரிய விடுதலை.

இந்த நாளுக்கு மக்கள் வைத்த பெயர் புதுநன்மை. நற்கருணை வாங்குவதைப் பேச்சுவழக்கில் 'நன்மை வாங்குவது' என்பார்கள்; சாகும் தறுவாயில் கொடுப்பது 'அவஸ்தை நன்மை'. கிரேக்க 'யூகரிஸ்தியா' நன்றி கூறலைக் குறித்தாலும் அதன் உறுப்புகள் நல், அருள் என்ற இரண்டு. நற்கருணை அதே இரண்டையும் கொண்டது. தமிழ் இலக்கணப்படி பிரித்தால் நன்மை கூட்டல் கருணை. பேச்சில் கருணை உதிர்ந்து நன்மை நின்றது போலும். முன்னொட்டும் கவனிக்கத்தக்கது. அலுவல் வழக்கு 'முதல்' என்று எண்ணுகிறது. மக்கள் வழக்கு 'புது' என்கிறது. புதுப்பெண், புதுமாப்பிள்ளை, புதுமனை என்பவற்றில் உள்ள 'புது' எண்ணிக்கையைச் சொல்வதில்லை. ஒருவர் நிலை மாறியதைச் சொல்கிறது. புதுநன்மைப் பிள்ளைக்கு வெள்ளுடை, தலையில் கிரீடம், கையில் மெழுகுதிரி, வீட்டில் விருந்து என்று எல்லாம் அந்த முறையில்தான் நடக்கின்றன.

1960களில் வழிபாடு தமிழுக்கு வந்தபோது கலைச்சொற்களும் பெயர்த்து எழுதப்பட்டன. சர்வேசுரன் கடவுளானார், தமதிரித்துவம் மூவொரு கடவுளாயிற்று, அர்ச்சசிஷ்டர் புனிதர் ஆனார், கற்பனைகள் கட்டளைகள் ஆயின. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இந்த நடையை உறுதிப்படுத்தியது. வேதம் மறையாகப் பெயர்ந்ததில் வேதசாட்சி மறைசாட்சியானார், பிரசங்கம் மறையுரையாயிற்று, ஞானோபதேசம் மறைக்கல்வியாயிற்று. திண்டிவனத்தில் உள்ள தமிழ்நாடு விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையத்தின் பெயரிலேயே புதிய சொல் இருக்கிறது.

பெயரோடு பாடமும் மாறியது. உபதேசத்துக்கு எதிரில் இருப்பவர் சீடர். கல்விக்கு எதிரில் இருப்பவர் மாணவர். மறைக்கல்வி பள்ளியைப் போலவே வகுப்புவாரிப் புத்தகம், வருகைப் பதிவு, தேர்வு, ஆண்டுவிழாப் பரிசு என்று அமைந்தது. உபதேசியாரின் இடத்துக்கு அருட்சகோதரிகளும் ஊரின் படித்த இளைஞர்களும் வந்தார்கள். மனப்பாடத்தின் பங்கு குறைந்து, விவிலியக் கதைகளும் படங்களும் பாட்டும் கூடின. பொருள் தெரியாமல் ஒப்பித்த காலம் போனது நல்லதே. ஆனால் பழைய பிள்ளைகள் எண்பது வயதிலும் தவறாமல் சொல்லும் விடைகளைப் போல இன்றைய பாடம் நினைவில் தங்குவதில்லை என்பதும் உண்மை.

கலைச்சொல் சீர்திருத்தம் அசைக்காமல் விட்டது புதுநன்மையை. ஞானோபதேசம் புலவர்கள் செய்த சொல். பின்வந்தவர்கள் வேறு சொல் செய்தபோது அது ஒதுங்கியது. புதுநன்மை ஊர்வாயில் பிறந்தது. அழைப்பிதழில் 'முதல் நற்கருணை விழா' என்று அச்சடித்து, அதைக் கையில் கொடுக்கும்போது, "பிள்ளைக்குப் புதுநன்மை, குடும்பத்தோட வந்துடுங்க" என்றுதான் இன்றும் அழைக்கிறார்கள்.