றென்ஸ் நெஸ்ற் குன்று

இங்கிலாந்தின் மத்திய பகுதியில், பேர்மிங்காமுக்கு வடமேற்கே டட்லி என்னும் ஊர் உள்ளது. அவ்வூரின் வீட்டு வரிசைகளுக்கு நடுவே மரமடர்ந்த சுண்ணக்கற் குன்றொன்று எழுந்து நிற்கின்றது. அதன் பெயர் றென்ஸ் நெஸ்ற். றென் என்னும் சிறு குருவியின் கூடு என்பது பொருள். பெயர் குருவிக்குரியதேயாயினும், குன்றைக் குடைந்து கூடாக்கியோர் மனிதரே.

ஏறக்குறைய 43 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலம் பூமத்திய கோட்டுக்குத் தெற்கே, ஆழமற்ற வெப்பக் கடலின் அடியிற் கிடந்தது. பவளங்களும் கடலல்லிகளும் சிப்பியினங்களும் மாண்டு படிந்த படிவு இறுகிக் கல்லாயிற்று. பிற்காலத்தில் அப்படைகள் புவியின் அழுத்தத்தால் மடிந்து, பெருஞ்சாய்வாக நிமிர்ந்தன. அன்றைய கடலடியில் நீர் வரைந்த அலைவரிகளை ஒரு பாறைமுகத்தில் இன்றுங் காணலாம். 700க்கு மேற்பட்ட உயிரினங்களின் சுவடுகள் இங்கே கிடைத்துள்ளன. அவற்றுள் புகழ்மிக்கது, மரவட்டை போன்று உடலைச் சுருட்டிக்கொள்ளும் திரைலோபைற்று. சுரங்கத் தொழிலாளர் அதனை ‘டட்லிப் பூச்சி’ என்றனர். நகரின் பழைய சின்னத்திலும் அது இடம்பெற்றிருந்தது.

அக்கல்லின் மதிப்பை மனிதர் முதலில் உணர்ந்தது சுவர் எழுப்பவும் சுண்ணாம்பு சுடவுமே. கைத்தொழிற் புரட்சி வந்தபின் ஊதுலைகள் அதனை விழுங்கத் தொடங்கின. இரும்புத்தாதின் மாசைப் பிரித்தெடுக்கச் சுண்ணக்கல் இன்றியமையாதது. தூய சுண்ணக்கல் இரு படைகளாக இருந்தது; அவ்விரண்டையும் தொழிலாளர் அகழ்ந்து செல்ல, இடையிலிருந்த தரங்குறைந்த பாறை மட்டும் முதுகெலும்புபோல் எஞ்சியது. பகலொளி மங்கிய குகைகளில் உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர்கள், கல்லிடையே தென்பட்ட சுவடுகளைப் பத்திரப்படுத்திச் சேகரிப்போருக்கு விற்றுச் சில காசுகள் பெற்றனர். அறிஞர் றொடெரிக் மேர்ச்சிசன் 1839 இல் வெளியிட்ட சைலூரியன் பாறைகள் பற்றிய பெருநூலுக்கு டட்லியின் சுவடுகள் பெருந்துணையாயின. 1849 இல் டட்லியின் சுரங்கக் குகையொன்றில் ஆயிரக்கணக்கானோர் கூடி அவரைச் ‘சைலூரியாவின் மன்னர்’ என வாழ்த்தினர். பாறையை முதலிற் பிளந்த கைகளுக்கு அவ்வாழ்த்தில் பங்கு இருந்ததாகத் தெரியவில்லை.

1920களில் சுரங்கத் தொழில் ஓய்ந்தது. 1956 இல், புவிச்சரிதச் சிறப்புக்காகவே பிரித்தானியாவில் முதன்முதலாகத் தேசிய இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது இக்குன்று. கல்லெடுத்த சரிவுகளில் சுண்ண மண்ணை விரும்பும் ஓர்க்கிட்டு மலர்கள் பூக்கின்றன. கைவிடப்பட்ட சுரங்க வழிகளில் வௌவால்கள் குளிர்காலத்தை உறங்கிக் கழிக்கின்றன. சரிவில் உதிர்ந்து கிடக்கும் சிறு கற்களைப் புரட்டிப் பார்க்கச் சிறுவர்கள் வருகின்றனர். பாறையிற் சுத்தியல் வைக்க மட்டும் எவருக்கும் அனுமதியில்லை.