மாவுப்பூச்சியை அடக்கிய குட்டிக் குளவி: லாபம் யாருக்குப் போனது? ஆராய்ச்சியின் சமூக தாக்கத்தை அளப்பது எப்படி?

தாராபுரம், உடுமலை பக்கம் மல்பெரி போட்டு பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு 2009, 2010 மறக்க முடியாத வருடங்கள். செடி முழுக்க வெள்ளைப் பஞ்சு மாதிரி பப்பாளி மாவுப்பூச்சி அப்பிக்கொண்டது. பலர் செடியையே பிடுங்கிப் போட்டார்கள். பிறகு வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குட்டிக் குளவி அதை அடக்கியது.

அந்த ஆராய்ச்சியால் மக்களுக்கு உண்மையில் என்ன கிடைத்தது? அதை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

என்ன நடந்தது?

மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துப் பூச்சி இது. இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 2008-ல், கோவையில். பப்பாளியோடு நிற்கவில்லை. குச்சிக்கிழங்கு, மல்பெரி, செம்பருத்தி, வரப்போர பார்த்தீனியம் வரை எல்லாவற்றிலும் ஏறியது.

மருந்து அடிச்சா போகாதா? உடம்பு மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து சரியாக இறங்காது. மல்பெரியில் இன்னொரு சிக்கல். மருந்து பட்ட இலையைத் தின்றால் பட்டுப்புழுவே செத்துவிடும்.

2010-ல் அமெரிக்க வேளாண் துறை, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை பெங்களூருவில் உள்ள தேசிய ஆய்வகத்துக்கு அனுப்பியது. அவற்றில் நன்றாக வேலை செய்தது 'அசரோபாகஸ் பப்பாயே'. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆளைக் கொட்டாது. மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே அதைத் தின்றுவிடும்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் இதைப் பெருக்கி, ஆராய்ச்சி நிலையங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள் வழியாக விவசாயிகளுக்குக் கொடுத்தது. விவசாயிகள் செய்ய வேண்டிய பெரிய வேலை ஒன்றுதான்: மருந்து அடிக்காமல் பொறுத்திருப்பது. கண் முன்னால் பயிர் போகும்போது கையைக் கட்டிக்கொண்டு இருப்பது லேசான காரியமில்லை. இவர்கள் ஒத்துழைக்காமல் இருந்திருந்தால் குளவியும் சேர்ந்து செத்திருக்கும்.

எவ்வளவு லாபம்?

அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகமும் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2014-ல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன. முதல் ஆண்டில் மட்டும் 12.1 கோடி முதல் 30.9 கோடி டாலர் வரை பலன். ஐந்து ஆண்டுகளுக்கு 52.4 கோடி முதல் 134 கோடி டாலர் வரை.

இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஏன் இவ்வளவு இடைவெளி? குளவி வராமல் இருந்திருந்தால் எவ்வளவு நஷ்டம் ஆகியிருக்கும் என்பது ஓர் அனுமானம்தான். மழை பெய்தாலும் மாவுப்பூச்சி குறையும். குளவி விட்ட ஊரையும் விடாத ஊரையும் ஒப்பிடலாம் என்றால், அது தானாகப் பறந்து பக்கத்து ஊருக்கும் போய்விடும். அதனால் ஒரே எண்ணைச் சொல்லாமல் வரம்பாகச் சொன்னதுதான் நேர்மை.

பணம் மட்டும் போதுமா?

இங்கேதான் 'சமூக தாக்கம்' வருகிறது. கோடிக்கணக்கில் பலன் என்று சொன்னால், அது யார் வீட்டுக்குப் போனது என்பது தெரியாது. விளைச்சல் கூடினால் விலை இறங்கும். அப்போது லாபத்தில் ஒரு பங்கு வாங்குபவருக்குப் போய்விடும். மல்பெரி தோட்டம் பிழைத்தால் புழு வளர்ப்பு மனையில் இலை போடும் பெண்களுக்கும், இலை வெட்டும் கூலி ஆட்களுக்கும் வேலை நிற்காது. மருந்து அடிக்காததால் தெளிக்கும் ஆளின் உடம்புக்குக் கிடைத்த பாதுகாப்பை எந்த ரூபாயில் எழுதுவது?

அதனால்தான் இப்படிப்பட்ட மதிப்பீடுகளில் சம்பந்தப்பட்ட எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். என்ன மாறினால் உங்களுக்கு நன்மை என்று முதலில் அவர்களிடமே கேட்டு, அதை வைத்துத்தான் அளவுகோலை முடிவு செய்ய வேண்டும். விஞ்ஞானிக்கு முக்கியம் பூச்சி எண்ணிக்கை. விவசாயிக்கு இந்த பேட்ச் கூடு தேறுமா என்பதுதான். கூலி ஆளுக்கு வாரத்தில் எத்தனை நாள் வேலை என்பது.

யாரைக் கேட்கிறோம் என்பதில் ஒரு பொறி இருக்கிறது. இன்று மல்பெரி வைத்திருப்பவரை மட்டும் கேட்டால் 'நல்லா இருக்குங்க' என்றுதான் சொல்வார். 2009-லேயே செடியைப் பிடுங்கிவிட்டு வேறு பிழைப்புக்குப் போனவர் பட்டியலிலேயே இருக்க மாட்டார். அவருக்கு உதவி தாமதமாக வந்தது. அந்த நஷ்டமும் கணக்கில் ஏற வேண்டும்.

இன்னொன்று: திட்டத்தை நடத்தியவர்களே மதிப்பெண் போடும்போது, வெளியாட்களும் அதைச் சரிபார்ப்பது நல்லது. 2014 ஆய்வை எழுதியவர்களிலும் திட்டத்தோடு தொடர்புள்ளவர்கள் உண்டு. அதனால் எண்கள் தப்பு என்று அர்த்தமில்லை.

மேலும் ஒரு சங்கடம், குளவிக்கு பில் கிடையாது. மருந்துக் கடை ரசீது போல கையில் எதுவும் இல்லாததால், பலன் அடைந்தவருக்கே அது ஆராய்ச்சியால் வந்தது என்று தெரியாமல் போகலாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2020-ல் கேரளாவில் வேறொரு மாவுப்பூச்சி கண்டறியப்பட்டு, தமிழ்நாட்டுக் குச்சிக்கிழங்குக்கும் பரவியது. 1980-களில் ஆப்பிரிக்காவில் இதே பூச்சியை அடக்கிய 'அனகைரஸ் லோபெசி' குளவி, பெனின் நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது.

இதற்கும் ஒரு நாள் கணக்குப் போடுவார்கள். ஏக்கருக்கு எத்தனை மூட்டை போனது, மருந்துக்கு எவ்வளவு செலவானது, எத்தனை பேருக்கு கூலி நின்றது என்பதையெல்லாம் பூச்சி இருக்கும்போதே எழுதி வைத்தால்தான் பிறகு ஒப்பிட முடியும். ஐந்து வருடம் கழித்து ஞாபகத்தை வைத்துச் சொன்னால் அந்த எண் நிற்காது. அதனால் உங்கள் தோட்டத்துக்கு யாராவது படிவத்தோடு வந்தால், கூலிக்கு வந்தவர்களிடமும் ரெண்டு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.