செம்பனையும் சிறுவண்டும்

தோட்டச் சரித்திரம் என்றால் எந்தத் துரை எந்த ஆண்டில் காட்டை அழித்தார், எத்தனை ஏக்கர் நட்டார், சந்தையில் என்ன விலை கிடைத்தது என்பனவே நமக்குக் கற்பிக்கப்பட்டவை. எள்ளினும் சற்றே பெரியதான ஒரு வண்டு நம் ஜோகூர் மாநிலத்தின் சரித்திரத்தை மாற்றிய செய்தியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஆங்கிலப் பள்ளியிற் பயின்று, தோட்டத்துக் கிராணியாகப் பேரேடு எழுதும் யானும் நெடுங்காலம் அதனை அறியாதவனே.

செம்பனை நம் நாட்டு மரமன்று. மேற்கு ஆப்பிரிக்காவிற் பிறந்தது. 1848-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் வழிவந்த மரங்களே பின்னர்ச் சுமத்திராவிலும் மலாயாவிலும் பரவின. 1917-ஆம் ஆண்டில் சிலாங்கூரின் தென்னமரத்தில் செம்பனை முதன்முதலாக வாணிகப் பயிராக நடப்பட்டது. மரம் கடல் கடந்தது. ஆனால் தாயகத்தில் அதற்குத் துணைநின்ற உயிர் உடன் வரவில்லை. இக்குறையை எவரும் உணர்ந்தாரல்லர். செம்பனையின் மகரந்தத்தைக் காற்றே சுமக்கிறது என்பது அன்றைய நூல்களின் முடிந்த முடிபு.

செம்பனையில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே மரத்தில் தோன்றினும், ஒரே காலத்தில் மலர்வதில்லை. ஆதலின் ஒரு மரத்தின் மகரந்தம் மற்றொரு மரத்தை அடைதல் வேண்டும். காற்றும், இங்கிருந்த சிறுபூச்சிகளும் அப்பணியை அரைகுறையாகவே செய்தன. விளைவு யாது? குலைகள் நிறையாது பொய்த்தன. எனவே மகரந்தத்தைச் சேர்த்து, உலர்த்தி, வெண்தூளுடன் கலந்து, மலர்ந்த பெண்பூக்கள்மீது ஊதும் வேலை ஏற்பட்டது. முட்கள் நிறைந்த மட்டைகளுக்கிடையே கைநுழைத்து, நிரை நிரையாகச் சென்று அதனைச் செய்தவர் பெரும்பாலும் பெண்தொழிலாளரே.

ஆப்பிரிக்காவின் கமரூன் நாட்டில் பணிபுரிந்த லெஸ்லி டேவிட்சன் என்பார், ஆங்கு எவரும் மகரந்தம் ஊதாமலே குலைகள் நிறைந்திருப்பதையும், ஆண்பூக்களில் வண்டுகள் மொய்ப்பதையும் கண்டார். கண்டதை அற்பமென்று ஒதுக்கினாரில்லை. அவர் எழுப்பிய ஐயத்தை, பூச்சியியல் அறிஞர் ஆர். ஏ. சையத் 1970-களின் இறுதியில் கமரூன் சென்று ஆராய்ந்தார். காற்றன்று, பூச்சிகளே மகரந்தம் சுமக்கின்றன என்பது மெய்ப்பிக்கப்பட்டது. நூலில் உள்ளது என்பதற்காகவே ஒன்று உண்மையாகிவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவ்வண்டின் அறிவு முழுதும் அதன் மோப்பத்தில் உள்ளது. ஆண்பூ மலர்ந்ததும் சோம்பையொத்த மணம் எழுகிறது. தலையிலுள்ள உணர்கொம்புகளால் அம்மணத்தை அறிந்து வண்டுகள் திரள்கின்றன. அங்கேயே உண்டு, முட்டையிட்டு, உடலெங்கும் மகரந்தம் பூசிக்கொள்கின்றன. சில நாட்களில் பூ முதிர்ந்து மணம் குன்றியதும் வேறு பூவை நாடுகின்றன. பெண்பூவும் அதே மணத்தைச் சிறிதளவு வீசுகிறது. ஏமாந்து வரும் வண்டுக்கு ஆங்கு முட்டையிட இடமில்லை. ஆயினும் அது உதிர்த்துச் செல்லும் மகரந்தத்தால் காய் பிடிக்கிறது.

வேறு பயிர்களுக்கு இவ்வண்டு கேடு விளைக்குமோ என்று சோதித்துத் தெளிந்த பின்னரே, 1981-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், நம் குளுவாங் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டத்தில் அது விடுவிக்கப்பட்டது. அறியாத மண், ஆயினும் அறிந்த மணம். அதனைப் பின்பற்றியே ஏறக்குறைய ஓராண்டில் தீபகற்பமெங்கும் அது பரவிவிட்டது. பூக்களில் ஏறத்தாழப் பாதியளவே காயாகி வந்த நிலைமாறி, முக்காற்பங்கை எட்டியது. எலிகளும் புதுநிலையை உணர்ந்து, வாடிய ஆண்பூக்களைக் கிழித்து வண்டின் புழுக்களைத் தின்னத் தலைப்பட்டன. எலிகளை ஒடுக்கத் தோட்டங்கள் கூகைகளுக்குக் கூடு அமைத்தன. நாம் அபசகுனமென்று விரட்டிய பறவை நம் விளைச்சலின் காவலனாயிற்று!

மகரந்தம் ஊதும் வேலையும் அவ்வண்டோடு மறைந்தது. அவ்வேலை செய்த மூதாட்டி ஒருவரிடம் அதுபற்றி வினவினேன். "நாளையிலிருந்து ஊத வேண்டாம் என்றார்கள், தம்பி. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை" என்றார். வண்டைப்பற்றி யான் கூறியதும் சற்று நேரம் மௌனமாயிருந்து, "அப்படியென்றால் அந்த வண்டு வரும்வரைக்கும் நாங்கள்தான் அதன் வேலையைச் செய்தோமா?" என்று கேட்டார்.

ஆம், அவர்களே செய்தார்கள். வண்டின் பெயர் ஆராய்ச்சி நூல்களில் ஏறிவிட்டது. அப்பெண்களின் பெயர் எந்தப் பேரேட்டிலும் சரித்திரமாக நிற்கவில்லை. நாள்தோறும் அப்பூக்களை அருகிருந்து கண்டவர்கள் அவர்கள். ஏன், எதனால் என்று கேட்கும் கல்வி அவர்களுக்குக் கிட்டியிருந்தால், கமரூனில் எழுந்த ஐயம் குளுவாங்கிலேயே எழுந்திராதென்று எவரால் கூறமுடியும்? வண்டுக்கு இயற்கை மோப்பத்தை அளித்தது; மாறுங்காலத்தை உணர மனிதனுக்கு உள்ளது கேள்வி ஒன்றே. அதனை நம் பிள்ளைகளுக்கேனும் மறுக்காதிருப்போமாக.