வானம் பார்த்த கடல்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம் வழியே கிழக்கு நோக்கிச் சென்றால், கரிசல் முடியுமிடத்தில் கடல் வந்துவிடுகிறது. வைப்பாறு கடல் சேரும் பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயர் சிப்பிகுளம். மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் விதைக்கும் நிலத்துக்கும் முத்து விளைந்த கடலுக்கும் இடையே தொலைவு இவ்வளவுதான். ஆயினும் முத்து என்றதும் நாம் கொற்கையையும் பாண்டியரையும் சொல்லி நிறைவடைந்துவிடுகிறோம். மூழ்கியவர் யார் என்று கேட்பதில்லை.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்க நூல், கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் முத்தெடுத்ததாகக் குறிப்பிடுகிறது. பிற்காலத்தில் அத்தொழில் பரதவர் கைக்கு வந்தது. 1530களில் அவர்கள் கத்தோலிக்கம் தழுவிப் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடியதன் பின்னணியில் முத்துக் கடலின் உரிமைப் போட்டியும் இருந்தது. 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமாயிற்று. அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர் வந்தனர். கொடிகள் மாறின. இடுப்பில் கயிறும் காலடியில் கல்லுமாக ஒரே மூச்சில் இறங்கும் மனிதனின் நிலை அதிகம் மாறவில்லை. எடுத்த சிப்பியில் ஒரு பங்கே அவனுக்குக் கூலி. அதற்குள் முத்து இருப்பதும் இல்லாததும் அவன் விதி. எஞ்சியவை திறக்கப்படாமலே குவியலாக ஏலம் போயின. கரையில் அழுகிய சிப்பிக் குவியல்களுக்கிடையே காலராவும் பரவியதுண்டு.

முத்துச் சிப்பியின் ஆயுள் ஏறத்தாழ ஐந்தாறு ஆண்டுகளே. பார்களில் அது பெருகும் காலமும் உண்டு, அடியோடு மறையும் காலமும் உண்டு. எனவே மாதிரிச் சிப்பிகளை எடுத்து மதிப்பிட்ட பிறகே ஆங்கில அரசு சலாபத்தை அறிவித்தது. பல்லாண்டுகள் சலாபமே இன்றிக் கழிந்ததும் உண்டு. கரிசல் வானம் பார்த்த பூமி என்றால், மன்னார் வளைகுடாவை வானம் பார்த்த கடல் என்றே சொல்லலாம்.

ஐரோப்பாவின் கதையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்கே குளிர்ந்த ஆறுகளில் முத்து விளைந்தது. சாக்சனியின் ஆட்சியாளர் 1621இல் ஆற்று முத்தை அரசுரிமையாக்கினார். ஸ்காட்லாந்தின் டே ஆறும் முத்துக்குப் பெயர்பெற்றது. அந்த நன்னீர் மட்டி நூறாண்டுக்கும் மேல் வாழக்கூடியது; இளம் பருவத்தில் சால்மன், டிரவுட் மீன்களின் செவுளில் ஒட்டி வளர்வது. ஒரு முத்துக்காக எண்ணற்ற மட்டிகளைப் பிளந்ததும், ஆறுகள் மாசடைந்ததும் அதன் இனத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளின. 1998இல் பிரிட்டன் அதைப் பிடிப்பதையே முற்றிலும் தடைசெய்தது.

தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. 1973இல் அங்குள்ள மத்தியக் கடல் மீன் ஆய்வு நிலையம் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. ஆனால் பார்கள் பழையபடி நிறையவில்லை. கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறது. துறைமுகம் விலகியதற்காக வருந்தும் நாம், கடலடியில் மூச்சடக்கி நின்ற முகமறியா மனிதர்களையும் அந்த வரலாற்றில் சேர்த்தெழுத வேண்டும்.