அஞ்சல் பை உருகிய கிடங்கு

அமெரிக்க வீடுகளில் காரேஜ் கதவின் அடியோரம் கறுப்பாக ஒரு ரப்பர் பட்டை ஓடும். மழைநீர், எலி, குளிர்காற்று எல்லாவற்றுக்கும் அதுதான் காவல். தயாரிப்பவருக்குப் பெரிய தலைவலி, அது கோணாமல் வெடிக்காமல் கடை போய்ச் சேர்வது. இந்தத் தலைவலிக்கு வயது ஏறக்குறைய இருநூறு.

1830-களில் பாஸ்டன் பக்கம் ரப்பர் காலணி மோகம் தலைக்கேறியிருந்தது. கோடை வந்தது, சரக்கு பிசினாகி நாறியது. ரப்பரைப் பதப்படுத்த முயன்றுகொண்டிருந்த அமெரிக்கர் சார்லஸ் குட்இயர் அரசுக்காக அஞ்சல் பைகள் செய்து கிடங்கில் வைத்துவிட்டு, குடும்பத்தோடு வெளியூர் போனார். திரும்பி வந்தபோது பைகள் புழுக்கத்தில் இளகிக் கிடந்தன. 1839-ல் கந்தகம் கலந்த ரப்பர் தற்செயலாகச் சூடான அடுப்பில் பட்டது. உருகவில்லை, தோல்போலப் பதப்பட்டது! மாதிரித் துண்டுகள் இங்கிலாந்துக்குப் போக, அங்கிருந்த தாமஸ் ஹான்காக் அவற்றைத் துருவி ஆராய்ந்து 1843-லேயே காப்புரிமைக்கு மனுப்போட்டுவிட்டார். குட்இயர் அங்கே சில வாரம் பிந்திவிட்டார்.

அடுத்த சிக்கல், ரப்பர் மரத்தைக் கடல் கடந்து கொண்டுபோவதில். ரப்பர் விதையில் எண்ணெய் அதிகம், சீக்கிரம் கெட்டுவிடும். 1876-ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளைக் கப்பலேற்றினார். காலியான சரக்கறையில், காற்றோட்டமாகக் கட்டித் தொங்கவிட்டாராம். அப்படியும் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பங்கு கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குப் போனது. மறுவருடம் சிங்கப்பூருக்கு 22 கன்று. பின்னாளில் மலாயாத் தோட்டங்களில் நம்மவர்கள் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய வரலாறு அங்கிருந்துதான் கிளைக்கிறது.

இனி காரேஜ் கதவுக்கு வருவோம். 1921-ல் சி. ஜி. ஜான்சன் என்பவர் மேலே தூக்கித் திறக்கும் கதவைக் கொண்டுவந்தார். கதவு நேராக இறங்கும், சரி. தரை எங்கே சமமாக இருக்கிறது? வளைந்து கொடுக்கும் பட்டை அங்கே நுழைந்தது. ஆனால் இழுபட்ட நிலையிலுள்ள இயற்கை ரப்பரை ஓசோன் குறுக்காகக் கீறிவிடும். 1960-களில் சந்தைக்கு வந்த ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் அதைத் தாங்கும்.

தாங்கினாலும் கடை போய்ச் சேரும்வரை அலட்சியம் கூடாது. சுருளை இறுக்கிக் கட்டினால் மடிப்பு நிலைத்துவிடும். ஆணியில் மாட்டினால் அந்த இடம் இழுபடும். உள்ளே குழலான பட்டைமேல் கனத்த பெட்டியை ஏற்றினால் சப்பையாகிவிடும். ஆகவே தளர்வான பெரிய சுருள், உறுதியான அட்டைப்பெட்டி. கிடங்கில் 25 டிகிரிக்கு மேல் சூடு வேண்டாம், வெயில் வேண்டாம். ஓசோன் கிளப்பும் வெல்டிங் பட்டறையும் தீப்பொறி தெறிக்கும் மோட்டாரும் தள்ளியே இருக்கட்டும். குளிரில் விறைத்து வந்த பட்டையை வெட்டுமுன் வெதுவெதுப்பான அறையில் நீட்டிப் போட்டுவைப்பார்கள்; இல்லாவிட்டால் அளவு பிசகி, கதவின் ஓரத்தில் எலி நுழைய ஒரு வழி.